ஊர்ப் பணம் யாருக்குரியது?

"அதிக வரி கொடுப்பவர் அதிக நன்மை பெறுவதுதானே நியாயம்?" என்னும் கேள்வி இந்நாளில் பலர் வாயிலும் வழங்குகின்றது. பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்டில் இக்கேள்விக்கு வலுவான காரணமும் உண்டு. மாநகராட்சியின் மண்டலங்களுள் வைட்ஃபீல்டு அடங்கிய மகாதேவபுரமே சொத்துவரி வசூலில் முதலிடம் பெற்று வந்தது. ஆயினும் அங்குள்ள சாலைக் குழிகளையும், மழைக்காலத்தில் தெருக்களில் தேங்கும் நீரையும் அறியாதார் இல்லை. "எங்கள் பணத்தை எங்கள் தெருவிலேயே செலவிடுங்கள்" என்று அம்மக்கள் கேட்பதில் வியப்பொன்றுமில்லை. எனினும், இக்கோரிக்கை தருமத்தோடு பொருந்துமா என்பதை நாம் சற்று ஆராய்வோமாக.

முதலாவதாக, விலை வேறு, வரி வேறு. கடையில் பத்து ரூபாய் கொடுத்தவன் பத்து ரூபாய் உப்பைக் கேட்டு வாங்கலாம். வரி அத்தகையதன்று. செலுத்திய கணத்திலேயே அது கொடுத்தவன் பொருளாயிராமல் ஊர்ப்பொருளாகிவிடுகின்றது. விலையைப் போல அதை அளந்து திருப்பித் தர வேண்டுமாயின், வரி செலுத்த வகையற்ற ஏழையின் குடிசைக்கு விளக்கும் வேண்டா, குழாயும் வேண்டா என்றாகிவிடும். அப்பொழுது ஊர் என்பது ஏது?

இரண்டாவதாக, அந்த வரிப்பணம் பிறந்த விதத்தையும் நோக்க வேண்டும். 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ இந்தியர் குடியேறிப் பயிர்செய்து வாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அவர்களுடைய சங்கத்தின் தலைவரான ஒயிட் என்பாரின் பெயரே அவ்வூருக்கு வழங்கலாயிற்று. நிலத்தின் மதிப்பை உயர்த்தியவை பொதுச் சாலைகளும், இருப்புப் பாதையும், பின்னாளில் வந்த கணினித் தொழிற்பூங்காக்களும், 2023இல் அங்கே ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும் ஆகும். இவற்றுள் எதுவும் ஒரு வீட்டுக்காரர் தனித்துச் செய்ததன்று.

ஆலையில் உழைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பஞ்சு பிரிப்பவர், நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர் எனப் பலர் உழைத்தே ஒரு துணி உருவாகின்றது. அது விற்ற பணமோ கடைக்காரர் கணக்கில் ஏறுகின்றது. அதனால் கடைக்காரரே துணியை நெய்தார் என்று கூறுவார் உண்டோ? வரி ரசீதில் வீட்டுக்காரரின் பெயர் இருப்பதும் இவ்வாறே. அப்பணத்துள் குடியிருப்போரின் வாடகையும், கட்டடம் எழுப்பியோரின் கூலியுழைப்பும், விடியுமுன் தெருப் பெருக்குவோரின் வியர்வையும் கலந்துள்ளன. ரசீதில் பெயரில்லாதோரும் வரி கொடுத்தவர்களே.

ரசீதில் பெயரில்லாதோரை மறந்தால் விளைவது யாது? வைட்ஃபீல்டுக்கு வடக்கேயுள்ள மண்டூரைப் பாருங்கள். நகரத்துக் குப்பை ஆண்டுக்கணக்கில் அக்கிராமத்தில் மலைபோல் கொட்டப்பட்டது. மக்கள் சாலையில் இறங்கிப் போராடிய பின்னரே 2014 இறுதியில் அது நிறுத்தப்பட்டது. 2007ஆம் ஆண்டில் நூற்றுப் பத்துக் கிராமங்கள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. வைட்ஃபீல்டையடுத்த வர்த்தூரும் அவற்றுள் ஒன்று. அக்கிராமங்களுக்கென வகுத்த காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதோ 2024 அக்டோபரில்தான். நீர் வழங்குவது தனி வாரியமாயினும் பாடம் ஒன்றே. குரல் எளிதில் எட்டாத இடத்திற்குக் குப்பை முதலில் செல்கின்றது. குடிநீர் கடைசியில் செல்கின்றது.

அவ்வாறாயின் வரி கொடுப்போருக்கு எவ்வுரிமையும் இல்லையோ எனின், உண்டு. அதிகப் பங்கு கேட்கும் உரிமை இல்லை. ஆனால் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை அதிகம் கொடுத்தவருக்கும் குறைவாகக் கொடுத்தவருக்கும் சமமே. அதைச் செலுத்தும் இடம் மக்கள் தேர்ந்த சபை. பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. காலம் முடியுமுன் தேர்தல் நடைபெற வேண்டுமென அரசியல் சட்டம் கூறியிருந்தும், 2025 இறுதிவரை தேர்தல் நடைபெறவில்லை. 2025-26ஆம் ஆண்டுக்கான 19,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வரவுசெலவுத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அங்கத்தினரும் இன்றி அதிகாரிகளாலேயே வகுக்கப்பட்டது. கூட்டல் கழித்தலில் பிழையில்லாதிருக்கலாம். ஆனால் "எங்கள் தெருவை ஏன் விட்டீர்?" என்று சபையில் எழுந்து கேட்க ஒருவரும் இல்லையே!

மகத வேந்தன் அஜாதசத்துரு வஜ்ஜியர்மீது படையெடுக்க எண்ணியபொழுது, பகவன் புத்தர் அவர்கள் குலையாமைக்கு ஏழு காரணங்களை எடுத்துரைத்தார். அவற்றுள் முதலாவது, அடிக்கடி சபை கூடுதல். இரண்டாவது, ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்க் கலைதல். செல்வத்தின் மிகுதியை அவர் அங்கே எண்ணவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

2025 செப்டம்பர் 2ஆம் நாள் முதல் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துள்ளது. வைட்ஃபீல்டு கிழக்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. இனி, "எங்கள் வரி எங்கள் எல்லைக்குள்ளே" என்னும் குரல் மேலும் ஓங்கக்கூடும். மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்பது சட்டம். அன்பர்களே, அக்குழுக்கள் கூடுமிடத்திற்கு நாம் செல்வோம். நம் வாசற்படியின் குழியைச் சொல்வோம், தவறில்லை. அதனைச் சொல்லிவிட்டு உட்காருமுன், அங்கு வர இயலாமல் வேலைக்குச் சென்றிருக்கும் அண்டை வீட்டாரின் குழாயைப் பற்றியும் ஒரு சொல் சொல்வோம். ஊர்ப் பணம் யாருக்குரியது என்னும் வினாவுக்கு அதுவே நாம் தரத்தக்க விடை.