'தரமாட்டோம்' என்று சொல்லும் உரிமை

குடி விஷயத்தில் இந்தச் சமூகத்துக்கு இரண்டு நாக்கு. சேரியிலும் காணிக்குடியிலும் குடித்தால் ஒழுக்கக்கேடு. நட்சத்திர ஓட்டலில் குடித்தால் ரசனை. இதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். நான் கேட்க வந்தது வேறு. ஒரு காட்டின் ருசியை விற்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது யார்?

கேள்வியைக் கிளப்பியது ஒரு ஜின். 'ஹபுசா' என்று பெயர், 2018ல் சந்தைக்கு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பையன் நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்திருந்தான். "ஐஸ் போடாம மொதல்ல மணத்திப் பாருங்கண்ணே" என்றான். இமயமலை ஜுனிபர் காயின் பிசின் வாசம். நாக்கில் மஞ்சள், இஞ்சி, ஏலம். நல்லாத்தான் இருந்தது. பிறகு டானிக் தண்ணியைக் கலந்தான், கசப்பு ஏறியது.

இந்த வகை ஜின்னை எப்படிச் செய்கிறார்கள்? வாசமே இல்லாத சாராயத்தில் ஜுனிபர் காய், தோல், வேர் எல்லாம் சேர்த்து மறுபடி வடிக்கிறார்கள். வாசம் மட்டும் ஏறும். சக்கை வெளியே போகும். டானிக்கின் கசப்போ கொய்னா. அது ஆண்டிஸ் மலைக்காட்டுச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் அங்கிருந்து விதை கடத்திவந்து 1860களில் நீலகிரியில் வளர்த்தான். நடுவட்டம் தோட்டத்தில் சீனக் கைதிகளும் உழைத்தார்கள். ஒரு கிளாசுக்குள் இத்தனை காடு, இத்தனை பேர். லேபிளில் ஒருத்தர் பெயரும் கிடையாது.

'அவங்களுக்கும் பங்கு கொடுத்தா சரியாப்போச்சே' என்று தோழர்கள் சொல்லலாம். நம்ம மலைத்தொடரிலேயே கொடுத்துப் பார்த்தாயிற்று. 1987ல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது சொல்லத் தயங்கினார்கள், பிறகு காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உண்டாக்கி, 90களின் நடுவில் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் கொடுத்தது. பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997ல் அறக்கட்டளை பதிவானது. உலகம் இதை முன்மாதிரி என்று கொண்டாடியது.

ஆனால் 1995லேயே காணி வைத்தியர்கள் சிலர், எங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக்கூடாது என்று எதிர்த்து எழுதினார்கள். சம்மதித்த காணிகளும் உண்டுதான். ஆனால் அந்த 'வேண்டாம்' வியாபாரத்தை நிறுத்தவில்லை. இலை பறிப்பதற்கோ வனத்துறை குறுக்கே நின்றது. அறிவுக்குக் காசு உண்டு, காட்டில் கைவைக்க அனுமதி இல்லை.

இந்த 'வேண்டாம்' நமக்குப் புதிது அல்ல. சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக எத்தனை சேரிகள் அடி வாங்கியிருக்கின்றன! கூலி கொடுத்தோமே என்றுதான் ஊர்க்காரன் அப்போதும் கேட்டான். கூலி கூடியதால் அடிமைத்தனம் போய்விடவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு உயிரோடு நிற்க முடிந்தபோதுதான் அது தளர்ந்தது.

2006 வன உரிமைச் சட்டம் பல்லுயிர் பற்றிய மரபறிவைச் சமூகத்தின் உரிமையாக ஏற்கிறது. அப்படியானால் கேட்க வேண்டிய இடம் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கும் குடிகளின் கிராமசபை. அங்கே பேச்சு முரண்படும், நாள் இழுக்கும். இழுக்கட்டும்.

நாளைக்கு நம் மலையின் பட்டையையும் வேரையும் மணத்திப் பார்த்து ஒரு கம்பெனி வரும். பங்கு எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. தரமாட்டோம் என்றால் திரும்பிப் போவீர்களா? முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.