உருகும் உள்ளம் உயர்ந்த உள்ளமா?

தைப்பூசத்தன்று ஈப்போவில், புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் நோக்கிக் காவடிகள் செல்வதை வழியோரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். உறுமி மேளம் நெருங்க நெருங்க, காவடி எடுத்தவரின் கால்கள் மட்டுமன்று, வேடிக்கை பார்க்க வந்தவரின் கால்களும் தாளமிடத் தொடங்கிவிடும். ஜெலாப்பாங்கிலிருந்து ஆண்டுதோறும் சென்று வரும் எனக்கும் அவ்வாறே நேர்கிறது. ஆடு என்று அறிவு ஆணையிடவில்லை. ஆயினும் உடல் அசைகிறது. இஃது எங்ஙனம் நிகழ்கிறது?

செவிப்பறையில் மோதும் ஒலியலை, உட்செவியிலுள்ள நத்தையோடு போன்ற உறுப்பில் நரம்புத் துடிப்பாக மாறி மூளையை அடைகிறது. அங்கே ஒலியை உணரும் பகுதியோடு, உடல் இயக்கத்தை ஆளும் பகுதிகளும், நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளும் விழித்துக்கொள்கின்றன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று, விருப்பமான இசையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் வேளையில் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டியது. சிலிர்ப்பை எதிர்நோக்கும் கணத்திலேயே அச்சுரப்பு தொடங்கிவிடுகிறது. நல்லுணவு தரும் இன்பத்திலும் போதைப்பொருள் தரும் மயக்கத்திலும் இதே பொருளுக்குப் பங்குண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கேதான் அறவினா எழுகிறது. இசைக்கு உருகும் உள்ளம் நல்லுள்ளம் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கை சரிதானா? நாஜிகள் கைப்பற்றிய போலந்தில், அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் 1943-இல் கைதிப் பெண்களைக் கொண்டு ஓர் இசைக்குழு அமைக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் கைதிகள் அதன் இசைக்கேற்ப அணிவகுத்து நடக்க வேண்டும். முகாம் அதிகாரிகளோ ஓய்வு வேளையில் அக்குழுவின் இசையைக் கேட்டுச் சுவைத்தனர். சுவைத்தவர்களின் கைகள் கொலைத்தொழிலைக் கைவிடவில்லை.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒருநாள் காலை, வானொலியில் தாலாட்டுப் பாடலொன்று ஒலித்தது. விடியுமுன்பே பால்மரம் வெட்டப் புறப்பட்டுவிடும் என் அன்னையின் நினைவு வர, கண்கலங்கியவாறே பள்ளிக்குச் சென்றேன். அன்று தாமதமாக வந்த மாணவன் ஒருவனை, காரணம் கேளாமலே பிரம்பால் அடித்தேன். தாய் மரம் வெட்டப் போய்விட்டதால், தங்கையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவந்தவன் அவன் என்பதைப் பிற்பகலில்தான் அறிந்தேன். என் தாய்க்காகச் சிந்திய கண்ணீர், அவன் தாயை எனக்குக் காட்டவில்லை. இன்றும் அந்தச் சிறு கை என் கண்முன் நிற்கிறது.

அப்படியாயின் இசையால் பயனில்லையா? உண்டு. வள்ளுவப் பெருந்தகை கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில், பாடலோடு பொருந்தாத பண்ணையும் இரக்கமில்லாத கண்ணையும் ஒருங்கே வைத்து, இவற்றால் என்ன பயன் என்று வினவுகிறார். பண் பாடலோடு பொருந்த வேண்டும். அதுபோலவே உருக்கம் செயலோடு பொருந்த வேண்டும். இசை, இறுகிய நெஞ்சைச் சற்று நேரம் இளக்கித் தருகிறது. அந்நேரத்தில் அங்கே எதை விதைப்பது என்பது இசையின் பொறுப்பன்று, நம்முடைய பொறுப்பேயாகும். பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்கும் நாம், இதனையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

இப்போதெல்லாம் நல்ல பாடலொன்றைக் கேட்டு உள்ளம் நெகிழும்போது, அந்நெகிழ்ச்சியை அன்றைக்கு யாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். தாமதமாக வரும் பிள்ளையிடம் முதலில் காரணம் கேட்கிறேன்.