தொட்டுட்டானா?

"தொட்டுட்டானாடா?"

போன கோகுலாஷ்டமிக்கு எங்கள் பக்கத்துக் கிராமத்தில் வழுக்குமரம் நடந்தபோது, மரத்தடியில் நின்ற ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. (எங்கள் ஊர் வடமதுரை. ஆண்டாள் பாடிய வடமதுரை யமுனைக் கரையில் இருக்கிறது. எங்கள் வடமதுரை இருப்பது திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், நூல் மில்களுக்கு நடுவே. ஆனாலும் கண்ணனை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.) கற்றாழைச் சாறும் விளக்கெண்ணெயும் பூசிய மரம், உச்சியில் பணமுடிப்பு. அடியில் மரத்தைக் கட்டிக்கொண்டு வளையமாக ஆட்கள், அவர்கள் தோளில் இன்னொரு வரிசை, அதற்கும் மேலே ஒல்லியாக ஒரு பையன்.

பெரியவருக்கு அறுபதை ஒட்டிய வயது. லோடுமேன் வேலை. துண்டைச் சும்மாடு மாதிரி மடித்துத் தோளில் போட்டிருந்தார், அதன்மேல் ஓர் இளவட்டத்தின் பாதம். கன்னம் மரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்த நிலையில்தான் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேரும் அண்ணாந்திருந்தார்கள்.

கூட்டத்தின் சத்தத்தை வைத்தே அவர் ஊகித்திருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். அதற்கும் வழியில்லை. பையன் ஒரு முழம் ஏறினாலும் "ஓ"தான், வழுக்கி இறங்கினாலும் அதே "ஓ"தான். உருமிக்காரரோ தன் போக்கில் வேகம் கூட்டிக்கொண்டிருந்தார். பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் தோளில் இருந்த பாதம் மட்டும்தான்.

இதை எடுத்துக்கொண்டு, அப்பா மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தது, அவர் தோளில் ஏறி நாங்கள் படித்தது என்று கண் கலங்க எழுதிவிடலாம். ஆடி மாதப் பட்டிமன்றத்தில் கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அப்பா தியாகம் செய்ததாக ஒருநாளும் சொன்னதில்லை, ஓவர்டைம் பார்த்ததாகத்தான் சொல்வார். அந்தப் பெரியவரும் யாருக்காகவும் நின்ற மாதிரித் தெரியவில்லை. ஆசையாகத்தான் நின்றார். ஆசையாக நிற்பவருக்கு நடப்பது தெரிய வேண்டாமா என்பதுதான் என்னை அரித்தது.

தைப்பொங்கல் கழிந்து, வழுக்குமரப் பயிற்சிக்கு ஆள் தேடி அக்கா மகன் வந்தான். "மாமா, அடிக்கு ஆள் பத்தல. நீங்க நின்னா மரமே அசையாது." என் உடம்பைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லை. சரியென்றுவிட்டேன். ஷிப்டு விட்டு வந்த பையன்கள் சாயங்காலம் களத்தில் கூடுகிறார்கள். எண்ணெய் பூசாத மரம், சுற்றிலும் வைக்கோல். அடியில் நிற்பவனுக்கு முதல் பாடம், தாடையை நெஞ்சோடு ஒட்ட வைப்பது. நிமிர்ந்தால் கழுத்து போய்விடும். அங்கிருந்து பார்த்தால் இரண்டு சாண் மரப்பட்டையும் பக்கத்து ஆளின் அக்குளும் தெரியும். உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை.

ஸ்பெயினின் கத்தலோனியாவில் இதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாரகோனாவுக்குப் பக்கத்தில் வால்ஸ் என்ற ஊரில் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆள்மேல் ஆள் நின்று கோபுரம் கட்டுகிறார்கள். 'கஸ்தெல்' என்று பெயர். 2010இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. நடுவில் மரம் கிடையாது, உச்சியில் பரிசு முடிப்பும் கிடையாது. ஒன்பது, பத்து அடுக்குவரை வெறும் மனிதர்கள். உச்சிக்குப் போவது பத்து வயதுகூட நிரம்பாத ஒரு பிள்ளை. அது மேலே போய் ஒரு கையைத் தூக்கிக் காட்டும், மறுபக்கமாக இறங்கிவிடும். அவ்வளவுதான். 1980களில் பெண்களும் குழுக்களில் சேர்ந்த பிறகு கோபுரங்கள் இன்னும் உயர்ந்தன என்கிறார்கள். எங்கள் களத்தில் பெண்கள் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறார்கள்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த சங்கதிகள் இரண்டு. ஒன்று, பிள்ளை கையைத் தூக்கியதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு அடுக்காகச் சிதறாமல் இறங்கி, கடைசி ஆளும் தரையில் கால் வைத்தால்தான் கோபுரம் முழுமை. ஏறியபின் சரிந்தால் மதிப்பு குறைவு. இங்கே முடிப்பை அவிழ்த்த நொடியில் எல்லாரும் பொதபொதவென்று சரிகிறோம். கோகுலாஷ்டமிக்கு மும்பையில் ஆள்மேல் ஆள் ஏறித் தயிர்ப்பானை உடைக்கிறார்களே, அங்கும் அப்படித்தான், பானை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. 2012இல் தானேயில் ஜோகேஸ்வரியின் ஜெய் ஜவான் குழு ஒன்பது அடுக்கு கட்டி 43.79 அடி தொட்டுக் கின்னஸில் ஏறியது. அந்த உயரம் எல்லாருக்கும் தெரியும். எப்படி இறங்கினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளிருக்காது.

இன்னொன்று இசை. கிரால்யா என்று ஒரு குழல், நம் நாயனம்போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. கூடவே சின்ன மேளம். கோபுரம் எழ ஆரம்பித்ததும் ஊதத் தொடங்குவார்கள். உச்சிப் பிள்ளை கையைத் தூக்கும்போது மெட்டு மாறும், இறங்கும்போது இன்னொன்று. நூற்றுக்கணக்கில் முகம் புதைத்து நெருக்கி நிற்கும் அடிக்கூட்டத்துக்கு, மேலே என்ன நடக்கிறது என்பதைக் காது சொல்லிவிடும். "தொட்டுட்டானா?" என்று அங்கே ஒருவரும் கேட்க வேண்டியதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது மரம் அல்ல, பள்ளிக்கூடம். சுதந்திர தினத்துக்கு மனிதப் பிரமிடு போடுவார்கள். அப்போது நான் நோஞ்சான், அதனால் உச்சி எனக்கு. கையில் காகிதக் கொடி. அங்கிருந்து பார்த்த வாட்டர் டேங்க், அதில் உட்கார்ந்திருந்த காக்கா, தலைமையாசிரியரின் வழுக்கை, மிட்டாய்த் தட்டை மூடியிருந்த துணி எல்லாம் நேற்று மாதிரி இருக்கின்றன. என் முட்டிக்குக் கீழே இருந்த முதுகுகள் யாருடையவை என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு சட்டையில் பித்தான் இருந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது, அவ்வளவுதான். அவர்களில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டார்களோ என்னவோ.

சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை என்றொரு பகுதி, கல்லூரியில் பாதி படித்து விட்டது. குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கேடு வருகிறது என்று இடையர்குல மாதரி பயப்படுகிறாள். உடனே ஏழு பெண்களை நிறுத்தி, ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டி, கைகோத்து வட்டமாக ஆடவைக்கிறாள். அதுவும் கண்ணன் கதைதான். ஆனால் யார் மேலும் யாரும் ஏறவில்லை. ஒவ்வொருத்தியும் மற்ற ஆறு பேரையும் பார்க்கலாம். உறிக்குக் கீழே வட்டமாக ஆடியவர்கள் எப்போது அதை எட்டிப் பறிக்க ஒருவர்மேல் ஒருவர் ஏற ஆரம்பித்தார்கள்? இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் சம்பந்தப்பட்டதாகத்தான் தெரிகிறது. வட்டமாக ஆடியும் கோவலன் தலை தப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

களத்தில் ஒரு யோசனை வைத்தேன். வெளியே ஒருத்தன் விசிலோடு நிற்கட்டும். பையன் பாதி மரம் தாண்டினால் ஒன்று, தொட்டால் இரண்டு. பையன்கள் சிரித்தார்கள், ஆனால் தலையாட்டினார்கள். மறுத்தவர், களத்துக்கு வந்திருந்த அந்த லோடுமேன் பெரியவர்தான்.

"வேணாம் தம்பி. தெரிஞ்சா மனசு மேல போயிரும். கால் ஆடும்."

"அப்புறம் அன்னைக்கு எதுக்கு அத்தனை வாட்டி கேட்டீங்க?"

"சும்மா கேக்குறதுதான். வாய் பேசிக்கிட்டிருந்தா தோளு வலி தெரியாது."

மூட்டை தூக்கியே பழகிய உடம்பு சொல்கிறது. நான் மறுத்துப் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் முழுசாக நம்பவும் முடியவில்லை. பதில் கிடைக்காதென்று ஆன பிறகு கேள்வியைச் சும்மாவாக்கிக்கொள்வது நம் ஊரில் பலரும் பழகியதுதான். அவரும் அப்படித்தானோ, அல்லது பதில் வேண்டாத ஓர் இடத்தை நிஜமாகவே எட்டிவிட்டாரோ. கத்தலோனியர் அடியில் நிற்பவர்களுக்கென்று ஒரு மெட்டே வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "நல்லாருக்கே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இதில் என்னைக் குழப்புவது நானேதான். நிற்க ஆரம்பித்த புதிதில் ஒவ்வொரு நிமிஷமும் மேலே பார்க்கத் தோன்றியது. இப்போது குறைந்துவிட்டது. தோளில் பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலேயே பொழுது போகிறது, அது நன்றாகவும் இருக்கிறது. போன வாரம் பையன் உச்சியைத் தொட்டு இறங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கேட்கவே இல்லை. இது வேலையோடு ஒன்றிப்போனதா, இல்லை மில் சத்தத்துக்குப் பழகி அப்பாவுக்குக் காது மந்தமான மாதிரி ஒன்றா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.