எந்த ஜன்னல்?

தண்டலம் பக்கத்து இன்ஜினீயரிங் மாணவன் லினக்ஸ் போட்டதும் முதல் கேள்வி: 'எந்த விண்டோ மேனேஜர்?' திரையில் ஜன்னல்களைத் திறந்து, நகர்த்தி, மூடுகிற மேஸ்திரி அது. பட்டியலோ ஹோட்டல் மெனு கார்டு மாதிரி நீளும்.

1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம்தான் மூலகாரணம். வசதியைச் செய்து தருவோம், இப்படித்தான் இருக்கணும் என்று சொல்ல மாட்டோம் என்பது அதன் கொள்கை. உயர்ந்த கொள்கைதான். ஆனால், ஒன்றும் தெரியாதவனிடம் 'உன் இஷ்டம்ப்பா' என்பது சுதந்திரமா, கைகழுவலா? சாதாரண ஆட்களும் புழங்க ஒரே சீரான திரை வேண்டும் என்றுதான், 1996-ல் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் கேடிஇ-யைத் தொடங்கினார்.

2011-ல் தமிழக அரசு தந்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எது வேண்டும் என்று மெஷின் கேட்டது. வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

நமக்காக இன்னொருவர் தேர்ந்தெடுப்பது தப்பில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போவதுதான் தப்பு. லினக்ஸில் கதவு திறந்தே இருக்கிறது. இன்னொன்றையும் போட்டுக்கொண்டால் லாகின் திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃபைல் எதுவும் போகாது. வந்ததை வைத்து ஒரு மாசம் ஓட்டுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

ப்ளஸ் டூ முடித்ததும் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போவதா, மேலே படிப்பதா? அதற்கு லாகின் திரை கிடையாது. ராத்திரி கண்விழித்து யோசிக்க வேண்டியது அதைத்தான்.