ஒருவர் குறைத்தால் வெயில் குறையுமா?

ஆகாயத்தைக் கெடுத்தவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். காரைக்குடியில் நாம் ஒரு குழாயைத் திருகி மூடினால் பூமி குளிர்ந்துவிடுமா? இப்படிக் கேட்காதவர் நம்மில் குறைவு. நியாயமான கேள்விதான். ஓர் அமெரிக்கரின் பங்கில் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமிலவாயு வெளியாகிறது என்றால், நம் நாட்டவர் ஒருவரின் பங்கு சராசரியாக 2 டன் அளவே. பெரிய கணக்கைப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் வெயில் அப்படிப் பங்கு பார்த்து அடிப்பதில்லை. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் மவுத்தானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நால்வர் அனுமதிச் சீட்டு இல்லாமல், நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தூரம் நடந்தவர்கள். குளிர்சாதனக் கூடாரத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

இனி நமது கேள்விக்கு வருவோம். ஸஅது (ரலி) அவர்கள் ஒளுச் செய்யும்போது தண்ணீரை மிகுதியாகச் செலவிடுவதைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததாகவும், ஒளுவிலும் வீண்விரயம் உண்டா என்று அவர் வினவியபோது, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உண்டு என்று பதிலளித்ததாகவும் இப்னுமாஜாவில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்வர். என்றாலும் வீண்விரயத்தைக் குர்ஆனே கண்டிப்பதால் கருத்தில் ஐயமில்லை.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஓடும் ஆற்றில் ஒருவர் எத்தனை கை அள்ளினாலும் ஆறு குறையாது. அள்ளிய நீரும் வழிந்து ஆற்றிலேயே சேரும். அங்கே யாருக்கும் நஷ்டமில்லை. அப்படியிருந்தும் தடுக்கப்பட்டதென்றால், விசாரிக்கப்படுவது ஆற்றின் அளவல்ல, அள்ளிய கை. நாம் ஒருவர் செய்து என்ன ஆகப் போகிறது என்ற வாதம் அந்த ஆற்றங்கரையிலேயே அடிபட்டுப் போகிறது. கியாமத்து வந்துவிட்ட வேளையிலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொன்ன ஹதீஸும் அப்படித்தான். அந்த மரத்தின் நிழலில் எவர் உட்காரப் போகிறார்?

நம் செட்டிநாட்டுப் பகுதிக்கு ஆறு ஏது? வானம் பார்த்த பூமி. நகரத்தார் வீடுகளில் வளவின் ஓட்டு விளிம்பில் வழியும் மழையை அண்டாக்களில் பிடித்து வைத்தார்கள். குடிநீர் ஊருணியில் எவரும் கால் நனைக்கக் கூடாதென்பது ஊர்க்கட்டு. ஒருவர் கால் பட்டால் ஊருணி கெட்டுவிடாது. ஆனால் அப்படி ஒவ்வொருவரும் நினைத்திருந்தால் ஊருணி என்ற ஒன்றே மிஞ்சியிருக்காது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பை அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. அது மண்ணுக்குள் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்று நம் வீட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுவுக்குச் செலவிட்டது ஒரு முத்து நீர். மத்ஹபுகளின் கணக்கு வேறுபட்டாலும் ஏறக்குறைய ஒரு லிட்டருக்குள்தான் வரும். இன்று குழாயைத் திறந்துவிட்டுச் சட்டைக் கையை மடிக்கிறோம். மடித்து முடிப்பதற்குள் அந்த ஒரு லிட்டர் போய்விடுகிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதை மேலே ஏற்றிய மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிந்திருக்கிறது. வலீமாவில் இலையோடு கொட்டும் பிரியாணியும் குப்பைமேட்டில் அழுகி, கரியமிலவாயுவைவிடக் கொடிய வெப்பவாயுவாகக் கிளம்புகிறது. பரிமாறுகிறவர் கையைத் தடுப்பது மரியாதைக் குறைவென்று நினைக்கிறோமே, அதை முதலில் விட வேண்டும்.

நோன்புக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்கும் பழக்கம், 2019 ஜனவரியில் தடை வந்த பிறகும் போனபாடில்லை. ஷஃபான் மாதத்து ஜும்ஆக்களிலேயே தூக்குவாளி கொண்டுவரும்படி அறிவித்துவிட்டால், தாய்மார்கள் முதல் நோன்பன்றே பிள்ளைகளின் கையில் வாளியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.