மைதானத்துக்கு வெளியே ஒரு மலை

2024 ஜூலை 27, சனிக்கிழமை அதிகாலை. மகளை ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறக்கிவிடக் காரோட்டிக்கொண்டிருந்தேன். அன்றிரவு மியூனிக் ஒலிம்பியா மைதானத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் பாடுகிறார். மகளுக்கு ரிக்கெற் கிடைக்கவில்லை. ஆனாலும் போகிறாள்.

“ரிக்கெற் இல்லாமல் போய் என்ன செய்யப்போறாய்?”

“மைதானத்துக்குப் பக்கத்தில ஒரு மலை இருக்கு, அப்பா. அதில ஏறி இருந்தாக் கேக்குமாம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். பிறகு கேட்டாள்: “எங்கட பாட்டுக்காரரில ஆராவது இப்பிடி நாடு நாடாப் போய் ஸ்ரேடியம் நிரப்புவினமோ?”

ரஹ்மான் என்றேன். “அது கூடுதலா ஹோல்தானே, அப்பா” என்றாள். இளையராஜா என்று வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அடுத்த பெயரைத் தேடுவதற்குள் புறப்பாட்டு வாசல் வந்துவிட்டது.

அவள் விளையாட்டாகக் கேட்டது. எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று ஏன் அவ்வளவு அவதிப்பட்டேன்? மைதானம் நிரம்புவதில் எனக்கு என்ன பெருமை, நிரம்பாததில் என்ன குறை?

வீட்டுக்கு வந்து முதலில் கணக்குத்தான் பார்த்தேன். பெர்லின் ஒலிம்பியா மைதானத்தில் ஏறத்தாழ 74,000 பேர் இருக்கலாம். ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழர் தொகையை வழமையாக அறுபதாயிரம் என்பார்கள். கைக்குழந்தைகள், நடக்கமாட்டாத கிழவிகள், இரவு வேலைக்காரர், ஒருவரோடு ஒருவர் கதையாமல் இருக்கும் இரண்டு சங்கத்துக்காரர் எல்லோரும் ஒரே இரவில் வந்து இருந்தாலும் கதிரைகள் மிஞ்சும். ஸ்விஃப்ட் அந்தச் சுற்றுப்பயணத்தில் 149 இரவுகள் பாடி முடித்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். இது வேறு எண்களின் உலகம்.

மொழி சிறியது, அதனால்தான் என்று சொல்லித் தப்பவும் முடியாது. ராம்ஸ்டைன் குழு 1994இல் இதே பெர்லினில் தொடங்கியது. அதன் ஆட்கள் பழைய கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்தவர்கள். ஜேர்மன் மொழியில் பாடியே 2022இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியத்தை நிரப்பினார்கள். இன்னும் கிட்டிய உதாரணம் தில்ஜித் தோசாஞ்ச். 2024 ஏப்ரல் 27 அன்று வன்கூவரின் பி.சி. பிளேஸ் மைதானத்தில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னால் பஞ்சாபியில் பாடினார். 1914இல் அதே நகரத்தின் துறைமுகத்தில்தான் கொமகாட்டா மாரு கப்பல் 376 பயணிகளோடு இரண்டு மாதம் நின்றது. பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர்கள். மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையில் கால்வைக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஊர் மைதானத்தில் பஞ்சாபிப் பாட்டு. வீடியோவைப் பார்த்தபோது எனக்குப் பொறாமை வந்தது. பொறாமை என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பஞ்சாபியில் பாடகன் என்று ஓர் ஆள் இருக்கிறான். பாட்டு அவன் பெயரில் ஊருக்குள் வருகிறது. எங்கள் பாட்டு படத்துக்குள்ளிருந்து வருகிறது. முகம் நடிகனுடையது, குரல் இன்னொருவருடையது, சொல் மற்றொருவருடையது, மெட்டு வேறொருவருடையது. மேடையில் யாரை நிற்கவைப்பது? 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தன் ஐம்பதாண்டு நிறைவுப் பயணமாக அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. எங்கள் வீட்டுக் குசினியில் அன்று இரண்டு கட்சி. உழைத்தவன் உரிமை கேட்பதில் பிழையில்லை என்று நான் நின்றேன், இன்றும் நிற்கிறேன். ஆனால் அந்தப் பாட்டுகளை முப்பது வருடம் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை எந்த நோட்டீசிலும் எழுத முடியாது.

அதே ஆண்டு ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கில் ரஹ்மானின் நிகழ்ச்சி. பெயரே தமிழில்: ‘நேற்று இன்று நாளை’. இந்திப் பாடல்களும் கணிசமாக இருந்தன. இருந்தும் தமிழ் கூடிப்போயிற்று என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள், காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் ஒரு அரங்கை நிரப்புகிறார் என்கிறோம். நிரப்பியவர்களுக்குள் அது யாருடைய அரங்கு என்ற பிடுங்குப்பாடு கதிரைக்குக் கதிரை நடந்துகொண்டிருக்கிறது.

கணக்கும் உரிமையும் இப்படிப் பேசித் தீர்க்கலாம். மகளின் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்ட காரணம் அவள் அதைக் கேட்ட இடம். நான் ஐரோப்பாவில் முதன்முதலாகக் கால்வைத்தது ஷோனெஃபெல்டில்.

2020 அக்டோபர் 31இல் திறந்த இந்தப் புதிய கட்டடம் அல்ல. அதற்கு வடக்கே இருக்கும் பழைய நிலையம், கிழக்கு ஜேர்மனியின் தலைவாசல். எண்பதுகளின் முதற்பாதியில் பல ஆயிரம் ஈழத்தமிழர் அந்த வாசலால் வந்தார்கள். பெரும்பாலும் மொஸ்கோ வழியாக விமானம், கிழக்கு ஜேர்மனிக்குக் கடந்துசெல்லும் விசா, பிரீட்ரிக்ஸ்ட்ராச நிலையம், அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லின். இரண்டு பெர்லினுக்கும் நடுவிலுள்ள கோட்டை நாட்டு எல்லை என்று மேற்குத் தரப்பு ஏற்காததால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டு கேட்பதற்கு ஆள் இல்லை. இரண்டு அரசுகளின் பிணக்கில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் நாங்கள். 1985 நடுப்பகுதியில் பேச்சுவார்த்தை நடத்தி அந்த ஓட்டையை எங்களுக்கு அடைத்தார்கள். நான் சில மாதங்கள் முந்திக்கொண்டேன். என் பையில் இரண்டு சேர்ட்டும் மூன்று கசெற்றும் இருந்தன.

பிறகு எங்களை மாநிலம் மாநிலமாகப் பங்கிட்டார்கள். எனக்கு விழுந்தது நோர்ட்ரைன் வெஸ்ட்பாலனில் ஒரு சின்ன ஊர். தஞ்சம் கேட்டவர் தனக்குக் குறித்த மாவட்டத்தைவிட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்பது 1982 முதல் சட்டம். ஒருமுறை, அறுபது கிலோமீற்றர் தள்ளியிருந்த நகரத்துக்கு ஒரு தமிழ் இசைக்குழு வந்தது. என் அறைத்தோழன் அனுமதி கேட்டான். இசைக்கச்சேரி அவசரக் காரணம் அல்ல என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவன் களவாகப் போனான். நகர ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்தது. பாட்டு நடந்த நேரம் முழுக்க ஒரு வாங்கில் இருந்துவிட்டு, அபராதத் துண்டோடு திரும்பி வந்தான்.

போய்வந்த ஒருவர் அந்தக் கச்சேரியைச் சிறிய ரெக்கோடரில் பதிந்திருந்தார். எங்கள் அறையில் ஏழு பேர் கட்டில்களில் இருந்து அதைக் கேட்டோம். பாடகர் குரல் தூரத்தில். கைதட்டு, விசில், கதிரை இழுபடும் சத்தம், இடையில் ஒரு குழந்தையின் அழுகை. அறைத்தோழன் அந்த அழுகை வந்த இடத்துக்குத் திருப்பித் திருப்பிச் சுழற்றுவான். பாட்டு எங்கேயும் கிடைக்கும், இது கிடைக்காது என்பான்.

உலகச் சுற்றுப்பயணம் என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு அந்த வாங்குதான் நினைவுக்கு வரும். யூ2 குழு 2009 முதல் 2011 வரை நடத்திய பயணத்துக்கு ஒரே மாதிரி மூன்று இராட்சத இரும்பு மேடைகள் செய்தார்கள். ஒன்றில் பாடும்போது அடுத்தது அடுத்த ஊரில் எழும்பும். அவ்வளவு இரும்பு எல்லைகளைக் கடந்து போனது. மேடை போகலாம், கேட்கிறவன் போக முடியாது என்ற நிலைமையில் இருந்தவர்களுக்கு, எந்தப் பாடகர் மைதானம் நிரப்புவார் என்ற கேள்வி பாதிக் கேள்விதான். யார் யார் வந்துசேரக்கூடியவர்கள் என்பது மற்றப் பாதி. ரஹ்மானும் மற்றவர்களும் வெளிநாடு வரும்போது சுவரொட்டியில் இருக்கும் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி. இசை தெரிவுசெய்த ஊர்களா இவை? 1983க்குப் பிறகு எந்தக் கதவு எவ்வளவு திறந்தது என்பதன் பட்டியல் அது.

நான் அடைபட்டிருந்த அதே காலத்தில், நான் கடந்துவந்த கிழக்கு பெர்லினிலும் போகமுடியாத ஒரு கூட்டம் இருந்தது. 1988 ஜூலை 19, வைசன்சே சைக்கிள் ஓட்டத் திடல். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடினார். விற்ற ரிக்கெற் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். உலகத்துக்குப் போக விடாத சனத்துக்கு உலகத்திலிருந்து ஒரு ஆளை அரசே கூப்பிட்டுக் கொடுத்தது, இளைஞரைக் கொஞ்சம் ஆற்றலாம் என்ற எண்ணத்தில். நிக்கரகுவாவுக்கு ஆதரவான நிகழ்ச்சி என்று அவரைக் கேட்காமலே ரிக்கெற்றில் அச்சடித்தும் விட்டார்கள். அவருக்குக் கோபம். நடுவில் ஒரு சின்னத் தாளை வைத்துக்கொண்டு ஜேர்மனில் நான்கு வரி பேசினார்: எந்த அரசுக்கும் சார்பாகவோ எதிராகவோ வரவில்லை, ஒருநாள் எல்லாத் தடைகளும் விழும் என்ற நம்பிக்கையில் பாட வந்தேன் என்று. முதலில் எழுதியிருந்தது மதில்கள். கடைசி நேரத்தில் அதைத் தடைகள் என்று மாற்றினார்கள்.

அந்தக் கச்சேரிதான் பதினாறு மாதத்தில் மதிலை இடித்தது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் நிரம்பிய திடல் அழைத்தவனுக்கும் சொந்தமில்லை, பாடியவனுக்கும் சொந்தமில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

‘எங்கட ஆள் மைதானம் நிரப்பினான்’ என்று சொல்ல நான் ஏன் துடித்தேன் என்பதற்கு இப்போது வருகிறேன். ஒரு ஓட்டைக்குள்ளால், எண்ணிக்கையில் விழாமல் வந்த ஆள் நான். எண்ணப்படவேண்டும் என்ற பசி எனக்கு இருக்கத்தான் செய்யும். கதிரை எண்ணிக்கை அந்தப் பசிக்குத் தீனி. ஆனால் எண்ணப்படுவதைக் கேட்கப்படுவது என்று நாங்கள் மாறி விளங்கிக்கொள்கிறோம். 2009 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் இருந்தது. மே 10 அன்று ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் குழந்தை வண்டில்களோடு ஏறி நின்றார்கள். எந்தப் பாடகரும் எங்களை அப்படி நிரப்பியதில்லை. எண்ணினார்கள், படம் எடுத்தார்கள். வன்னியில் நடந்தது நடந்துகொண்டே இருந்தது.

மகளின் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருந்தது, காரில் எனக்கு வரவில்லை: மாயா, எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனில் அகதியாய் வளர்ந்தவர். 2009 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னியைப் பற்றிப் பேசினார். 2012 பெப்ரவரி 5 அன்று சூப்பர் போல் இடைவேளையில் மடோனாவோடு இண்டியானாபொலிஸ் மைதானத்தில் நின்றார். பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மறுநாள் பேசுபொருளானது அவர் காட்டிய நடுவிரல் ஒன்றுதான். அந்த விரலுக்காகப் போட்டி அமைப்பு பல மில்லியன் டொலர் கேட்டு வழக்காடியது. போரைப் பற்றி அவர் சொன்னதற்கு யாரும் வழக்குப் போடவில்லை. எங்களில் பலரும் அவரை எங்கட ஆள் என்று சொல்லத் தயங்கினோம். உடுப்பு சரியில்லை, பாட்டு விளங்கவில்லை என்று. அந்தத் தயக்கத்தில் நானும் இருந்தேன்.

இதனால் மைதானமே வேண்டாம் என்று முடிவுகட்ட நான் தயாரில்லை. 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்தார். பணம் கொடுத்தவர்களுக்கு முன்னால் கதிரைகள், மற்றவர்களுக்குப் பின்னால் நிலம். பின்னால் நின்றவர்கள் தடுப்பை உடைத்துக்கொண்டு முன்னே வந்தார்கள். நிகழ்ச்சி குழம்பியது. வெளிநாட்டிலிருந்து நாங்கள் ஃபோனில் பார்த்துவிட்டு, எங்கட சனத்துக்கு ஒழுங்கு தெரியாது என்று தலையிலடித்துக்கொண்டோம். அது எந்த வெளி? 1974 ஜனவரி 10 அன்று தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள் கூடியிருந்த சனத்தின்மீது பொலிஸ் பாய்ந்து உயிர்கள் போன வெளி. நினைவுத்தூண்கள் அங்கேதான் நிற்கின்றன. கூடினால் சாவு வரும் என்று ஒரு தலைமுறைக்குப் படிப்பித்த இடத்தில், இன்னும் கிட்டப் போய்க் கேட்கவேண்டும் என்று முண்டியடித்தவர்களை, வெம்பிளியில் கதிரை இலக்கம் பார்த்து இருக்கும் நான் எந்த முகத்தோடு திட்டுவது? மிதிபட்டு யாராவது செத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்பதும் உண்மை. அந்த இரண்டையும் என்னால் ஒன்றுசேர்க்க முடியவில்லை.

ஞாயிறு இரவு மகளை ஏற்றப் போனேன். கண் வீங்கி, தொண்டை கட்டியிருந்தது. மலையில் பல்லாயிரம் பேராம். மியூனிக்கின் அந்த மலை, போரில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் கொட்டிக் குவித்து உண்டானது. அதைச் சொன்னேன். “தெரியும், அப்பா” என்றாள்.

“வடிவாக் கேட்டுதோ?”

“பாதி கேட்டுது. காத்து மாறினா ஒண்டும் கேக்காது. அப்ப நாங்களே பாடினம்.”

நேரே வீட்டுக்குப் போகாமல் பழைய ஷோனெஃபெல்ட் நிலையத்துப் பக்கமாகச் சுற்றினேன். இந்த வாசலாலதான் வந்தனான் என்று காட்ட நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அவள் வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டிருந்தாள்.