சேம்பர்லன் வீட்டுப் பெட்டி

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் சேம்பர்லன் என்று ஒரு வைத்தியக் குடும்பம். பிரசவம் சிக்கலானால் இவர்களைக் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய பெட்டியோடு வருவார்கள். அறையில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வலியில் கிடக்கும் பெண்ணின் கண்ணையும் கட்டிவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. பெட்டிக்குள் இருந்தது ஃபோர்செப்ஸ். 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க' என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்களே, அதேதான். அப்பன், பிள்ளை, பேரன் என்று நூறு வருஷத்துக்கு மேல் வெளியே விடவில்லை. 1813-ல் எஸெக்ஸில், அந்தக் குடும்பம் முன்பு வாழ்ந்த வீட்டின் தரைப் பலகைக்கு அடியிலிருந்து கருவிகள் கிடைத்தன.

இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய், எத்தனை குழந்தை? கணக்கு எழுத ஆள் இல்லை.

என் பி.காம். புத்தி உடனே சேம்பர்லனுக்கு வக்காலத்து வாங்குகிறது. கண்டுபிடித்தவன் அவன். ரகசியம்தான் மூலதனம். எல்லோருக்கும் காட்டிவிட்டால் நாளைக்கு இவனை யார் கூப்பிடுவார்கள்? ஹிப்போகிரடிஸ் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே, வைத்தியத்தைக் குருவின் பிள்ளைகள், தன் பிள்ளைகள், சத்தியம் செய்த சீடர்கள் தவிர வேறு யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்று ஒரு ஷரத்து உண்டு. ஆனாலும் உறுத்துகிறது, இல்லையா? உயிர் காக்கும் வித்தை ஒருவருக்குச் சொந்தச் சொத்தாக இருக்கலாமா?

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்குப் போவோம். பரப்பில் தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஜனத்தொகையோ இருபது லட்சம்தான். அங்கே ஆல்புகர்க்கி நகரப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் ஸ்பெஷலிஸ்ட். இந்தியாவிலிருந்து போனவர். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அன்றைய வைத்தியம் இன்றுபோல் சில வார மாத்திரை அல்ல. மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே மாத்திரை, ரத்தசோகை, மனச்சோர்வு. ஒவ்வொரு தடவையும் பல மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். காலம் கடந்து வந்ததால் கல்லீரல் புற்றுநோய் முற்றிப்போயிருந்த ஒரு தாயைப் பற்றி அரோரா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மருந்து இருந்தது, தெரிந்த டாக்டர் இருந்தார். தூரம்தான் கொன்றது.

2003-ல் அவர் 'எக்கோ' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார். டெலிமெடிசினோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் பெரிய டாக்டர் திரையில் நோயாளியைப் பார்ப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற க்யூ திரைக்கு முன்னால் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். எக்கோவில் ஸ்பெஷலிஸ்ட் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. வாரம் ஒரு நாள் கிராமத்து டாக்டர்களும் சிறைச்சாலை டாக்டர்களும் வீடியோவில் கூடுவார்கள். ஒருவர் தன் நோயாளியின் கதையைச் சொல்வார். பெயர் சொல்லக் கூடாது. ஸ்பெஷலிஸ்ட் யோசனை சொல்வார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வைத்தியம், முடிவு, பொறுப்பு எல்லாம் உள்ளூர் டாக்டருடையது.

'பொறுப்பைத் தள்ளிவிடுகிற சாமர்த்தியம்' என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்தது. தொட்டுப் பார்க்காதவர் சொல்வதைக் கேட்டு ஊசி போட்டு, ஏதாவது ஆகிவிட்டால்? 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் வந்த ஆய்வைப் பாருங்கள். மொத்தம் 407 நோயாளிகள். பல்கலைக்கழகத்தில் குணமானவர்கள் 57.5 சதவிகிதம். கிராமத்திலும் சிறையிலும் 58.2. கடுமையான பக்கவிளைவு அங்கே 13.7 சதவிகிதம், இங்கே 6.9. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல இது. ஆகவே ஊர் டாக்டர்தான் உசத்தி என்று குதிக்க முடியாது. மட்டமில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். நோயாளி குடிப்பானா, மாத்திரையை ஒழுங்காகப் போடுவானா என்பதெல்லாம் ஊர் டாக்டருக்குத்தான் தெரியும். பெரிய டாக்டரும் அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த முறை பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இதே வழியில் மனநலமும் போதைப் பழக்க சிகிச்சையும் சொல்லித்தருகிறது.

சரி, அரோரா மகாத்மா, சேம்பர்லன் கஞ்சன் என்று முடித்துவிடலாமா? பேலன்ஸ் ஷீட்டின் இன்னொரு பக்கமும் இருக்கிறதே! அரோரா பல்கலைக்கழகச் சம்பளக்காரர். திட்டத்துக்கு மானியம் வந்தது. வித்தையைக் கொடுத்ததால் அவர் வீட்டு வருமானம் குறையவில்லை. சேம்பர்லனுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லை. நம் ஊர் தனியார் ஸ்பெஷலிஸ்ட் கதையும் அதுதான். கிராமத்து டாக்டரே வைத்தியம் பார்த்துவிட்டால் கன்சல்டிங் ஃபீஸ் போச்சு, ஸ்கேன் போச்சு, அட்மிஷன் போச்சு. அவரிடம் போய் 'தர்மம் பண்ணுங்க சார்' என்பது சுலபம். பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உயிர் காக்கும் வித்தை பொதுச் சொத்து என்று நாம் சொல்கிறோம் என்றால், வாரத்தில் அவருடைய இரண்டு மணி நேரத்துக்கு யார் பணம் கட்டுவது? அரசாங்கமா, இன்ஷூரன்ஸ் கம்பெனியா, எட்டு மாத க்யூவிலிருந்து தப்பித்த நாமா?